பதின்மூன்றும் வென்ற அணிக்கு இடமில்லை: ஃப்ளோரிடா ஸ்டேட்டின் 2023 சீசன்

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் கிடைப்பது பன்னிரண்டு ஆட்டங்கள்தான். கான்ஃபரன்ஸ் எனப்படும் தன் அணிக்கூட்டத்தின் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றால் பதின்மூன்று. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்துக்குள் இவை எல்லாம் முடிந்துவிடும். ஆட்டங்கள் இவ்வளவு குறைவு என்பதால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாழ்வா சாவா என்றே கழியும். ஒரு தோல்வியில் பட்டம் கைநழுவலாம். இரண்டு தோற்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஆட்டத்தின் ஈர்ப்பே அதில்தான் இருக்கிறது என்று ரசிகர்கள் பல தலைமுறைகளாக நம்பி வந்தார்கள்.

2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி அந்தப் பதின்மூன்றையும் வென்றது. தன் கான்ஃபரன்ஸின் சாம்பியனாகவும் ஆனது. ஆனால் தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளில் அதற்கு இடமில்லை என்று தேர்வுக்குழு அறிவித்தது. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் சாம்பியன், ஒரு தோல்வியும் காணாமல் வந்தும் வெளியே நிறுத்தப்பட்டது, நான்கு அணி பிளேஆஃப் இருந்த பத்து ஆண்டுகளில் அந்த ஒரு முறைதான்.

அந்த முடிவு தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் டிவி பணம், சதி என்று ஒரே வார்த்தையில் அதைக் கடந்துவிட எனக்கு மனமில்லை. குழு தன் சொந்த விதிப்புத்தகத்தில் இருந்த ஒரு வரியை எடுத்துத்தான் அப்படிச் செய்தது. அந்த வரி ஏன் அங்கே இருந்தது, அது அந்த வருடம் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய வெடிப்பாக மாறியது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்த சீசன் முழுசாகப் புரியும்.

பள்ளத்திலிருந்து எழுந்த அணி

டல்லஹாசி நகரத்தின் இந்த அணிக்குப் பழைய பெருமை நிறைய உண்டு. 1976 முதல் 2009 வரை பயிற்சியாளராக இருந்த பாபி பௌடன்தான் அதை நாடறிந்த பெயராக்கினார். 1993, 1999, 2013 ஆகிய மூன்று சீசன்களில் தேசியப் பட்டம் வந்தது. அப்புறம் சரிவு. 2017 கடைசியில் ஜிம்போ ஃபிஷர் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்குப் போனார். அவருக்குப் பின் வந்த வில்லி டாகர்ட்டை இரண்டாவது சீசன் முடியும் முன்பே அனுப்பிவிட்டார்கள். மெம்ஃபிஸிலிருந்து மைக் நார்வெல் வந்தார்.

நார்வெலின் முதல் சீசன் 3 வெற்றி, 6 தோல்வி. அடுத்தது 5 வெற்றி, 7 தோல்வி. அந்த 2021 சீசனில்தான் கீழ்ப்பிரிவு அணியான ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம், கடைசி ஆட்ட நொடியில் எறியப்பட்ட நீண்ட பாஸில் 20-17 என்று தோற்றார்கள். சொந்த மைதானத்தில், தங்கள் ரசிகர்களின் கண் முன்னே. பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்ற குரல்கள் அப்போதே எழுந்தன. பல்கலைக்கழகம் அசையவில்லை. 2022இல் 10 வெற்றி, 3 தோல்வி என்று அணி தலைநிமிர்ந்தது.

எழுச்சிக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வர விரும்பும் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் நார்வெலுக்குக் கூர்மையான கண் இருந்தது. தற்காப்பில் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரை, துரத்திப் பிடித்த ஜாரட் வெர்ஸ், ஆல்பனி என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். பிரேடன் ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிஷிகனிலிருந்து. பாஸ் பிடிக்கும் கியான் கோல்மன் மிஷிகன் ஸ்டேட்டிலிருந்து, ஜானி வில்சன் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து. பந்தோடு ஓடும் ட்ரே பென்சன் ஆரகனிலிருந்து.

இரண்டாவது காரணம் ஜோர்டன் டிராவிஸ். அவரும் லூயிவில்லிலிருந்து மாறி வந்தவர்தான். ஆனால் போர்ட்டல் அலைக்கு முன்பே, 2019இலேயே டல்லஹாசிக்கு வந்துவிட்டார். நன்றாக ஓடுவார், எறிவதில் நம்ப முடியாது என்று முதலில் அவரை எடைபோட்டார்கள். தோற்ற வருடங்களை எல்லாம் அணியோடு கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக நாட்டின் சிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவராக வளர்ந்தார். 2023 அணியின் உயிர்நாடி அவர். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்த வாதம் முழுக்க அவர் இல்லாத அணி என்ன மதிப்பு பெறும் என்பதைச் சுற்றியே ஓடியது.

சீசன்

செப்டம்பர் 3ஆம் தேதி, ஆர்லாண்டோவில் எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட்) அணியுடன் முதல் ஆட்டம். தரவரிசையில் எல்.எஸ்.யு. ஐந்தாவது, ஃப்ளோரிடா ஸ்டேட் எட்டாவது. இடைவேளைக்குப் பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட் பாய்ந்தது. 45-24. எதிரணியின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ், அந்த வருடத்தின் ஹெய்ஸ்மன் கோப்பையை, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான விருதை, வென்றவர்.

பாஸ்டன் காலேஜிடம் 31-29 என்று தப்பிப் பிழைத்தார்கள். மறுவாரம் கிளெம்சன். அந்த அணியிடம் தொடர்ந்து ஏழு முறை தோற்றிருந்தார்கள். அங்கே போய், பின்தங்கியிருந்த நிலையில், கேலன் டெலோச் நழுவிய பந்தை எடுத்து ஓடி, எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் ஆக்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, கோல்மன் பிடித்த பாஸில் 31-24. என் கணிப்பில் சீசனின் முதுகெலும்பு இந்த ஆட்டம்தான். அழகாக வெல்வதை எல்.எஸ்.யு.விடம் காட்டியிருந்தார்கள். மூச்சுமுட்டும் நிலையிலும் வெல்வார்கள் என்பது கிளெம்சனில்தான் தெரிந்தது. அதற்குப் பின் வர்ஜீனியா டெக், சிராக்யூஸ், டியூக், வேக் ஃபாரஸ்ட், பிட்ஸ்பர்க், மியாமி என்று வரிசையாக வெற்றிகள்.

நவம்பர் 18, நார்த் அலபாமாவுடன் ஆட்டம். வெற்றி முன்கூட்டியே உறுதி என்று எல்லோரும் நினைத்த ஆட்டம். முதல் கால்பகுதியிலேயே பந்தோடு ஓடிய டிராவிஸ் மடக்கப்பட்டபோது அவர் கால் மோசமாகத் திரும்பியது. வண்டியில் வைத்து மைதானத்தை விட்டு அழைத்துச் சென்றார்கள். ஆட்டம் 58-13 என்று முடிந்தது. அந்த ஸ்கோர் யார் நினைவிலும் இல்லை.

அடுத்த வாரம் பரம எதிரியான ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மைதானத்தில், மாற்று குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கருடன் இறங்கி 24-15 என்று வென்றார்கள். பென்சனின் ஓட்டம்தான் அன்று கைகொடுத்தது. அந்த ஆட்டத்தில் ரோட்மேக்கருக்குத் தலையில் அடி. ஆகவே டிசம்பர் 2ஆம் தேதி, சார்லட்டில் நடந்த, தங்கள் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் இறுதிப்போட்டியில் லூயிவில்லை எதிர்கொண்டது மூன்றாவது குவார்ட்டர்பேக், முதலாண்டு மாணவர் பிராக் க்ளென். பாஸ் அனுப்புவது அவருக்குக் கடினமாகவே இருந்தது. பந்தை முன்னே எடுத்துச் சென்றவர்கள் லாரன்ஸ் டொஃபிலியும் மற்ற ஓட்டக்காரர்களும். ஆட்டத்தின் ஒரே டச்டவுன் டொஃபிலியுடையது. லூயிவில்லை ஒரு டச்டவுன்கூட எடுக்க விடாமல் தற்காப்பு அணி நின்றது. 16-6.

பார்க்க அழகான ஆட்டமல்ல. ஆனால் முதல் குவார்ட்டர்பேக் இல்லை, இரண்டாவது இல்லை, மூன்றாவது பையனை வைத்துக்கொண்டு ஒரு கோப்பையை வெல்ல முடிகிறது என்றால் மற்ற வீரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய தற்காப்பு ஆட்டத்துக்காகவே அந்தப் பதிவை நான் திரும்பப் பார்ப்பதுண்டு.

பதின்மூன்று பேர், நான்கு இடம்

மறுநாள் மதியம் முடிவு அறிவிக்கப்பட்டது. 1 மிஷிகன், 2 வாஷிங்டன், 3 டெக்சஸ், 4 அலபாமா. ஐந்தாவதாக ஃப்ளோரிடா ஸ்டேட்.

2023இல் முதல்நிலைப் பிரிவில் 133 அணிகள் இருந்தன. ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம் வைத்து இத்தனை அணிகளை ஒரே புள்ளிப்பட்டியலில் அடுக்க வழியே இல்லை. பெரும்பாலான அணிகள் ஒன்றோடு ஒன்று மோதுவதே கிடையாது. அதனால் இந்த விளையாட்டில் சாம்பியன் யார் என்பது தொடக்கத்திலிருந்தே ஓரளவுக்கு அபிப்பிராயம்தான். 1936 முதல் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பு. 1998 முதல் வாக்கெடுப்பையும் கணினிக் கணக்கையும் கலந்து இரண்டு அணிகளைத் தேர்ந்த பி.சி.எஸ். முறை. 2014 சீசனிலிருந்து நான்கு அணி பிளேஆஃப். அந்த நான்கைப் பொறுக்கியது, டெக்சஸின் கிரேப்வைன் நகரில் ஒரு ஹோட்டலில் கூடிய பதின்மூன்று பேர் கொண்ட குழு.

சமமாகத் தெரியும் அணிகளைப் பிரித்துப் பார்க்க அந்தக் குழுவுக்குச் சில அளவுகோல்கள் தரப்பட்டிருந்தன. கான்ஃபரன்ஸ் பட்டம், எதிரணிகளின் பலம், நேருக்கு நேர் மோதிய முடிவு, இரண்டு அணிகளும் சந்தித்த பொது எதிரணியிடம் எடுத்த முடிவு. இவற்றோடு இன்னொன்று: முக்கிய வீரரோ பயிற்சியாளரோ இல்லாமல் போனது சீசனைப் பாதித்திருந்தாலும், இனிமேல் பாதிக்கக்கூடும் என்றாலும் அதையும் கணக்கில் எடுக்கலாம்.

முதல் நான்கும் நடந்து முடிந்தவற்றைப் பற்றியவை. கடைசி அளவுகோலின் பின்பாதி மட்டும் நடக்கப்போவதைப் பற்றியது. "யார் சம்பாதித்தார்கள்?" என்பது ஒரு கேள்வி. "இனி மோதினால் யார் ஜெயிப்பார்கள்?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. முந்தைய ஒன்பது ஆண்டுகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே விடை வந்ததால் பிளவு வெளியே தெரியவில்லை. 2023இல் இரண்டும் எதிரெதிர் திசையில் இழுத்தன. குழுவின் தலைவர் பூ கோரிகன் அன்று தந்த விளக்கமும் இதுதான்: டிராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட், முதல் பதினோரு ஆட்டங்களில் பார்த்த அணி அல்ல.

குழுவின் சிக்கலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிஷிகனும் வாஷிங்டனும் தோல்வியே காணாத சாம்பியன்கள், அவர்கள் விஷயத்தில் பேச்சில்லை. மிச்சம் இரண்டு இடம். எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸின் இறுதிப்போட்டியில் அலபாமா 27-24 என்று ஜார்ஜியாவை வீழ்த்தியது. ஜார்ஜியா அதுவரை தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்றிருந்த அணி, முந்தைய இரண்டு வருடங்களின் தேசிய சாம்பியன், அன்றைய முதலிடம். அந்த வெற்றியின் எடையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் செப்டம்பரில் அலபாமாவை அதன் சொந்த மண்ணிலேயே டெக்சஸ் 34-24 என்று தோற்கடித்திருந்தது. டெக்சஸுக்கும் ஒரே தோல்விதான், அதுவும் ஒரு சாம்பியன். அலபாமாவை உள்ளே எடுத்தால் டெக்சஸை அதற்கு மேலே வைத்தாக வேண்டும். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு இடம் கொடுத்தால் டெக்சஸ் நான்காவது, அலபாமா வெளியே. எஸ்.இ.சி. சாம்பியன் இல்லாத பிளேஆஃப் அதுவரை நடந்ததே இல்லை.

இதில் என்னால் ஏற்க முடியாதது வரிசை நகர்ந்த விதம். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காவது, அலபாமா எட்டாவது. டிராவிஸ் காயம்பட்டு பத்து நாள் கழிந்த பின் வந்த பட்டியல் அது. அதாவது குழுவுக்குக் காயம் தெரியும், தெரிந்தும் நான்காவது இடம் தந்தது. அதற்குப் பிறகு அந்த அணி செய்ததெல்லாம் தரவரிசையில் இருந்த ஓர் அணியைத் தோற்கடித்து கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றதுதான். வென்றதற்குப் பரிசாக ஒரு படி இறக்கம்.

பொது எதிரணி என்ற அளவுகோலையும் எடுத்துப் பார்க்கலாம். எல்.எஸ்.யு.வை அலபாமா தன் சொந்த மைதானத்தில் 42-28 என்று வென்றது. ஃப்ளோரிடா ஸ்டேட் பொது மைதானத்தில் 21 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அப்போது டிராவிஸ் ஆடினார் என்பது உண்மைதான். அலபாமாவும் அவ்வளவு அசைக்க முடியாத அணி அல்ல. நவம்பர் கடைசியில் ஆபர்னுடன் நான்காவது முயற்சியில், அதாவது கடைசி வாய்ப்பில், 31 யார்டு தேவைப்பட்ட நேரத்தில் எறிந்த ஒரு பாஸ்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்தப் பந்து கை நழுவியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இன்னொரு பழைய கதை இங்கே பொருந்தும். 2014, பிளேஆஃபின் முதல் வருடம். ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரட் மிஷிகன் ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டார். சீசன் தொடங்கும் முன்பே முதல் தேர்வான வீரரை இழந்திருந்த அணி, ஆகவே மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் வந்தார். விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கினார்கள். குழு நான்காவது இடம் கொடுத்தது. அலபாமாவை 42-35, ஆரகனை 42-20 என்று வென்று அந்த மூன்றாவது குவார்ட்டர்பேக்கே பட்டத்தைக் கொண்டுவந்தார். 59-0 க்கும் 16-6 க்கும் வித்தியாசம் உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் மாற்று வீரர் எப்படி ஆடுவார் என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்தக் குழுவின் சொந்த வரலாறே சாட்சியாக இருந்தது.

முடிவு வந்த அன்று டிராவிஸ் சமூக ஊடகத்தில் எழுதியது பலரை உலுக்கியது. தன் கால் சீசனில் இன்னும் முன்னாடியே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை விடப் பெரியது என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். தான் அடிபட்டதே நண்பர்களின் வாய்ப்பைப் பறித்துவிட்டது என்று ஒரு மாணவரை நினைக்க வைத்த முறையில் அடிப்படையிலேயே கோளாறு இருக்கிறது.

63-3

ஆறுதல் பரிசாக, டிசம்பர் 30ஆம் தேதி சீசனுக்குப் பின் நடக்கும் தனி ஆட்டங்களான பவுல்களில் ஒன்றான ஆரஞ்ச் பவுலில் ஜார்ஜியாவுடன் ஆட்டம். ஜார்ஜியா 63-3 என்று வென்றது. பவுல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே மிகப்பெரிய வித்தியாசம்.

"பார்த்தீர்களா, குழு சொன்னது சரிதானே" என்று இந்த ஸ்கோரைக் காட்டுபவர்கள் இன்றும் உண்டு. அந்த வாதம் நிற்காது. அன்று களத்தில் இருந்தது சீசனை ஆடிய அணியே அல்ல. வெர்ஸ், கோல்மன், வில்சன், பென்சன் என்று முக்கியமானவர்கள் பெரும்பாலும் ஆடவில்லை. ரோட்மேக்கர் வேறு கல்லூரி தேடிக் கிளம்பிவிட்டார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆட வரவில்லை. சில மாதங்களில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் தேர்வில் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம் காத்திருக்கும்போது, பட்டம் கிடைக்காத ஆட்டத்தில் காலை முறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. பிளேஆஃப் ஆட்டம் என்றால் இவர்கள் இருந்திருப்பார்கள். ஆக, அந்த ஸ்கோர் குழுவின் முடிவால் உண்டான விளைவு. அதையே முடிவுக்கான ஆதாரமாகக் காட்டுவது தலைகீழ்.

அந்த அணியின் தரத்துக்கு வேறு அத்தாட்சி இருக்கிறது. 2024 என்.எஃப்.எல். தேர்வில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து பத்துப் பேர் எடுக்கப்பட்டார்கள். முதல் சுற்றில் ராம்ஸ் அணிக்குப் போன வெர்ஸ், அந்த சீசனிலேயே சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருதை வாங்கினார்.

நீதிமன்றம் வரை

கோபம் மைதானத்தோடு நிற்கவில்லை. ஃப்ளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ், வழக்குச் செலவுக்கென்று பட்ஜெட்டில் 10 லட்சம் டாலர் ஒதுக்க முன்மொழிந்தார். பெரிய அடி ஏ.சி.சி. கான்ஃபரன்ஸுக்கு விழுந்தது. டிசம்பர் 22ஆம் தேதி பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு தன் கான்ஃபரன்ஸின் மேலேயே வழக்குப் போட்டது. அதற்கு முந்தைய நாளே வட கரோலினாவில் ஏ.சி.சி. முந்திக்கொண்டு வழக்கைப் பதிந்திருந்தது.

இந்த வழக்கின் வேர் பணம். ஏ.சி.சி.யின் டிவி ஒப்பந்தம் 2036 வரை நீளக்கூடியது. எஸ்.இ.சி., பிக் டென் கான்ஃபரன்ஸ்களின் அணிகளுக்குக் கிடைக்கும் பங்கோடு ஒப்பிட்டால் வருடத்துக்குப் பல மில்லியன் டாலர் குறைவு. விலகலாம் என்றால், மொத்தச் செலவு 572 மில்லியன் டாலர் வரை போகும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. பல வருடமாகப் புகைந்துகொண்டிருந்ததற்கு டிசம்பர் 3 நெருப்பு வைத்தது. தோற்காமல் ஏ.சி.சி.யை வென்றாலும் பிளேஆஃப் கதவு திறக்காது என்றால், அந்தக் கான்ஃபரன்ஸில் இருப்பதால் என்ன பயன் என்ற கேள்வியைக் குழுவே அவர்கள் கையில் கொடுத்துவிட்டது. 2025 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. அதிகப் பார்வையாளர்களை ஈர்க்கும் அணிக்கு அதிகப் பங்கு, விலகும் கட்டணம் வருடாவருடம் குறையும் என்று பேசி முடித்தார்கள்.

களத்தில் விழுந்த அடி இன்னும் பலமானது. 2024 சீசனைத் தரவரிசையில் பத்தாவதாகத் தொடங்கிய அணி, டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 என்று தோற்று, கடைசியில் 2 வெற்றி 10 தோல்வி என்று முடித்தது. அநீதியால் மனம் உடைந்து வீழ்ந்தார்கள் என்று எழுத ஆசையாக இருக்கும். அப்படி எழுதினால் அது முழு உண்மை ஆகாது. போர்ட்டலில் சேர்த்த மூத்த வீரர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள், அவர்கள் இடத்தில் வந்தவர்கள் அந்தத் தரத்தில் இல்லை. வேகமாகக் கட்டிய அணி வேகமாகவே கலைந்தது. டிராவிஸை ஜெட்ஸ் அணி ஐந்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. கால் முழுதாகத் தேறவில்லை. ஓர் ஆட்டமும் ஆடாமலே 2025இல் ஓய்வு அறிவித்தார்.

2024 சீசனிலிருந்து பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளுக்கு விரிந்தது. இது ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்காகச் செய்த மாற்றம் அல்ல, 2022இலேயே முடிவானது. 2024இல் வந்த அந்தப் புதிய முறையில் தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. அது ஒரே ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் இடத்தைப் பற்றி யாரும் விவாதித்திருக்க மாட்டார்கள். க்ளெனோ ரோட்மேக்கரோ இறங்கி ஆடியிருப்பார்கள். தோற்றிருந்தாலும் களத்தில் தோற்றிருப்பார்கள்.

பன்னிரண்டு அணி முறையின் முதல் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட். சீசனில் ஆரகனிடம் 32-31 என்று தோற்றது. கடைசி ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றது. தன் கான்ஃபரன்ஸின் இறுதிப்போட்டிக்கே போகவில்லை. ஆனாலும் உள்ளே இடம் கிடைத்தது. டென்னசி, ஆரகன், டெக்சஸ், நோட்ர டாம் என்று நான்கு அணிகளை அடுத்தடுத்து வென்று, 2025 ஜனவரி 20ஆம் தேதி அட்லாண்டாவில் கோப்பையைத் தூக்கியது.